மிஸ்டர் எக்ஸின் மனைவி

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு காலத்தில் நிமோனியா பெரிய உபகாரியாக இருந்து வந்திருக்கிறது. பதினெட்டாம் அத்தியாயத்தில் கதாநாயகி செத்தாக வேண்டும். ஆனால் அவளோ இளவயசுக்காரி, திடகாத்திரமானவள், கிணற்றில் விழுவதற்கு அவளுடைய குணம் இடம் தராது. ஆசிரியர் என்ன செய்வார்? ஐப்பசி மழையில் குடையில்லாமல் அவளை ஒரு மைல் தூரம் நடக்க வைப்பார். மறுநாள் ஜுரம். மூன்றாம் நாள் டாக்டர் வந்து, மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, முகம் சுண்டிப்போய் வெளியே வந்து, "டபிள் நிமோனியா" என்பார். அதற்கு மேல் ஆசிரியருக்கு வேலையே இல்லை. ஒன்பதாம் நாள் இரவு கண்டம். தாண்டினால் சுபம். தாண்டாவிட்டால் இரண்டாம் பாகம்.

இந்த ஒன்பதாம் நாள் கண்டம் எழுத்தாளர்களின் சௌகரியத்துக்காக ஏற்பட்ட கற்பனை என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியல்ல. மருந்து இல்லாத நாட்களில் அந்த ஜுரம் ஒரு வாரம், பத்து நாள் கொதித்துவிட்டு, ஒரே இரவில் வியர்த்துக் கொட்டி இறங்கும். அல்லது ஆளைக் கொண்டுபோய்விடும். வைத்தியரும் உறவுக்காரர்களும் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு அந்த இரவுக்காகக் காத்திருந்தது நிஜந்தான். வில்லியம் ஆஸ்லர் என்று உலகப் பேர்பெற்ற வைத்தியர் ஒருவர் இருந்தார். இந்த நோயைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவர். அவரையே 1919-ல் ஆக்ஸ்போர்டில் அது கொண்டுபோயிற்று.

என் முதல் நாவலில் நானும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை நிமோனியாவில் சாகடித்திருந்தேன். பத்திரிகை அலுவலகத்திலிருந்து உதவி ஆசிரியர் டெலிபோன் செய்தார். "சார், இந்தக் காலத்திலே நிமோனியாவிலே யார் சார் சாகறாங்க? ஹார்ட் அட்டாக்னு மாத்திடலாமா?" என்று கேட்டார். நியாயமாகப் பட்டது. மூன்று பக்கம் இருமி இருமிச் சாக வேண்டிய வாத்தியார், ஒரே வரியில் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். பெனிசிலின் வந்து எங்கள் தொழிலிலிருந்து ஒரு நல்ல சாவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டதாகக்கூட நான் அப்போது ஒரு கூட்டத்தில் ஹாஸ்யமாகப் பேசியிருக்கிறேன். சிரித்தார்கள். 2019-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் ஏழு லட்சத்து நாற்பதாயிரம் பேர் நிமோனியாவில் செத்திருக்கிறார்கள் என்பதை அப்புறந்தான் படித்தேன். இப்போது யாராவது அந்தப் பேச்சை ஞாபகப்படுத்தினால், வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறேன்.

சொல்ல வந்தது அதுவல்ல. எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. மூடியில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். பிஸ்கட் தீர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அதற்குள் இப்போது இருப்பவை மருந்து அட்டைகள். இரண்டு மாத்திரை கிழித்து எடுத்தது போக மீதி எட்டு. நான்கு போக மீதி ஒன்று. பெயர் இருக்கும் பக்கம் கிழிந்துபோய் இன்ன மருந்து என்றே தெரியாத ஒன்றிரண்டு. மத்தியதரக் குடும்பம் எதையும் தூக்கி எறியாது. பழைய செருப்பையே வைத்திருக்கிறவர்கள், காசு கொடுத்து வாங்கிய மாத்திரையையா எறிவோம்?

எனக்கு வருஷத்தில் மூன்று நான்கு தடவை ஜலதோஷம் பிடிக்கும். தொடர்கதை எழுதுகிறவனுக்கு ஜலதோஷத்துக்கு அவகாசம் கிடையாது. புதன்கிழமை அத்தியாயம் போயாக வேண்டும். தெருமுனையில் மருந்துக் கடை இருக்கிறது. கடைக்காரர் தங்கமான மனுஷர். என் கதைகளைப் படிக்கிறவர். நான் தும்மிக்கொண்டே படியேறும்போதே கையை அலமாரிக்குள் விட்டுவிடுவார்.

"மூணு மாத்திரை சார். ஒரு நாளைக்கு ஒண்ணு. மூணாம் நாள் நீங்க குதிரை மாதிரி ஆயிடுவீங்க."

அஸித்ரோமைசின். அந்தப் பெயரை மாத்திரம் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். டாக்டரிடம் போனால் நூற்றுக்கணக்கில் ரூபாயும் ஒரு மாலைப்பொழுதும் செலவு. இங்கே எல்லாம் இரண்டு நிமிஷம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஜலதோஷம் போகத்தான் போயிற்று. மாத்திரை சாப்பிடாவிட்டாலும் அது போயிருக்கும். சாதாரண ஜலதோஷம் வைரஸ் என்ற வேறு ஜாதி நுண்ணுயிரால் வருவது. அந்த மாத்திரைக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. இது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். கல்லூரியில் இரண்டு வருஷம் விஞ்ஞானம் படித்தவன்தான். தெரிந்துதான் சாப்பிட்டேன். சில சமயம் இரண்டு மாத்திரையிலேயே குதிரையாகிவிடுவேன். மூன்றாவது பிஸ்கட் டப்பாவுக்குப் போய்விடும்.

என் பையனுக்கும் இதே சங்கதிதான். அவனுக்கு ஒரு தடவை காதுவலி வந்தபோது குழந்தை வைத்தியர் இதே மருந்தைச் சர்க்கரைப் பாகு மாதிரி எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு ஒவ்வொரு மூக்கொழுகலுக்கும் நாங்களே வாங்கிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டோம். இனிப்பாக இருந்ததால் அவனும் ஆட்சேபணை செய்யவில்லை.

2022 மார்கழி. பையனுக்கு அப்போது நாலு வயசு. இரவில் பாட்டியோடுதான் படுத்துக்கொள்வான். அம்மாவுக்கு எழுபத்தொன்று. விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுக் கோவிலுக்குப் போகாமல் இருக்க முடியாது அவளால். ஒரு வெள்ளிக்கிழமை கோவிலிலிருந்து திரும்பி வந்து, "குளிருதுடா" என்று படுத்துக்கொண்டாள். தொட்டால் நெருப்பாய்க் கொதித்தது. வலது விலாவில் குத்துகிறது என்றாள்.

பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். ஆறு மாத்திரை கொண்ட அட்டையில் நான்கு பாக்கி இருந்தது. ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக்கோடு. டாக்டர் சீட்டில்லாமல் இதைச் சாப்பிடாதே என்பது அந்தக் கோட்டுக்கு அர்த்தம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதுவரையில் அட்டைக்கு அழகாக இருக்கட்டும் என்று போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். வெள்ளி ஒன்று, சனி ஒன்று, ஞாயிறு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா என்னைப் பார்த்து, "சுந்தரம், எப்படா வந்தே?" என்று கேட்டாள். சுந்தரம் என் மாமா. அவர் போய்ப் பதினோரு வருஷமாகிறது.

"ஜுர வேகத்திலே பிதற்றுகிறாள். நாளைக்குள் மருந்து பிடித்துவிடும்" என்று என் மனைவியிடம் சொன்னேன். திங்கட்கிழமை விடிகிற சமயத்தில் அவள் என்னைத் தட்டி எழுப்பினாள்.

"என்னங்க, அத்தை மூச்சு விடறதைப் பாருங்க. எண்ணிப் பார்த்தேன். நிமிஷத்துக்கு முப்பத்தாறு."

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது பக்க நுரையீரலின் அடிப்பாகத்தில், கறுப்பாய் இருக்க வேண்டிய இடம், சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இருந்தது. பார்த்த டாக்டர் முப்பது வயசுகூட ஆகாத பெண். ஒரு பக்கம் ஊசி போடச் சொல்லிக்கொண்டே என்னிடம் திரும்பி, இதுவரை என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். நான் மருந்தின் பெயரை மில்லிகிராம் சகிதம் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"எழுதிக் கொடுத்தது யாரு சார்?"

"யாரும் இல்லை. நானேதான்."

"நீங்க டாக்டரா?"

"இல்லே. எழுத்தாளன்."

அவர் சிரிக்கவில்லை. அம்மாவின் கையிலிருந்து ரத்தத்தை இரண்டு சிறு புட்டிகளில் எடுத்துக்கொண்டு போனார்கள். அதிலே கிருமி இருந்தால் வளரவிட்டுப் பார்ப்பார்களாம். மூன்றாம் நாள் ஒரு காகிதம் வந்தது. மேலே கிருமியின் பெயர்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே. சுருக்கமாக நிமோகாக்கஸ் என்பார்கள். கீழே வரிசையாக மருந்துகளின் பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்து, எஸ் அல்லது ஆர். பள்ளிக்கூடத்து மார்க் அட்டை மாதிரியே இருந்தது. எஸ் என்றால் கிருமி மருந்துக்கு மசியும்; ஆர் என்றால் மசியாது. எரித்ரோமைசின், ஆர். டெட்ராசைக்ளின், ஆர். கோட்ரைமாக்ஸசோல், ஆர். பெனிசிலின், எஸ். ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்த செஃப்ட்ரியாக்ஸோன், எஸ்.

"எங்க மாத்திரை இதிலே இல்லையே?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"எரித்ரோமைசினும் அதுவும் அண்ணன் தம்பி சார். அதுக்கு ஆர்னா இதுக்கும் ஆர்தான். நீங்க கொடுத்தது வேலை செஞ்சிருந்தா, மூணு நாள் மருந்துக்கப்புறம் இந்தக் கிருமி புட்டியிலே முளைச்சிருக்கவே முளைச்சிருக்காது."

வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று நாள் நான் என் தாயாருக்கு வைத்தியம் செய்ததாக நினைத்துக்கொண்டு வெறும் தண்ணீரை வார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இரவு உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தூக்கம் வராது, நாவலும் ஓடாது. கைபேசியில் கண்டதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் மிஸ்டர் எக்ஸைச் சந்தித்தேன்.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் பிளெமிங், 1945 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு வாங்கிக்கொண்டபோது ஒரு சொற்பொழிவு ஆற்றினார். பரிசு வாங்குகிற மேடையில் தம் மருந்தின் பெருமையைப் பேசிவிட்டு இறங்கியிருக்கலாம். அவர் கடைசியில் ஒரு கதை சொன்னார். மிஸ்டர் எக்ஸ் என்று ஒருவர். அவருக்குத் தொண்டைவலி. பெனிசிலின் வாங்கித் தாமாகவே கொஞ்சம் போட்டுக்கொள்கிறார்; கிருமியைக் கொல்லப் போதாது, அதற்குப் பாடம் கற்பிக்க மட்டும் போதும் என்கிற அளவு. பாடம் படித்த கிருமி அவரிடமிருந்து அவர் மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்கு நிமோனியா காண்கிறது. பெனிசிலின் கொடுக்கிறார்கள். கிருமி மசியவில்லை. திருமதி எக்ஸ் இறந்துபோகிறாள். யார் பொறுப்பு என்று பிளெமிங் சபையைப் பார்த்துக் கேட்டார்.

கதைத் தொழில் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது நல்ல கதை. பாத்திரங்களுக்குப் பெயர்கூட வைக்கத் தெரியாதவர் சொன்ன கதைதான். ஆனாலும் இதிலே ஒரு விஷயம் என்னை அந்த வராந்தாவில் நிமிர்ந்து உட்கார வைத்தது. தப்புச் செய்தவனுக்கு ஒன்றும் நேரவில்லை. மிஸ்டர் எக்ஸின் தொண்டை குணமாகியிருக்கும்; மறுநாள் ஆபீஸுக்குப் போயிருப்பார். கதையில் ஒரு காரியமும் செய்யாத ஒருத்திதான் சாகிறாள். நாமெல்லாம் எழுதுகிற கதைகளில் குடிகாரனுக்கு ஈரல் கெடும். சூதாடிக்குச் சொத்து போகும். தான் விழுங்கின மாத்திரைக்கு அடுத்த கட்டிலில் படுத்திருப்பவள் விலை கொடுப்பதாக நாங்கள் யாரும் எழுதியதில்லை.

நம் வீடுகளில் இதை நேர்மாறாகவல்லவா புரிந்துகொண்டிருக்கிறோம்! "அடிக்கடி சாப்பிட்டா உடம்புக்கு மருந்து பழகிப் போயிடும்" என்போம். என்னமோ உடம்புதான் மருந்துக்குப் பழகுகிறது, அது அவரவர் உடம்பு, அவரவர் பாடு என்கிற மாதிரி. பழகுவது உடம்பு அல்ல, கிருமி. உடம்பு எங்கேயும் போகாது. கிருமி ஒரு தும்மலில் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

கிருமி எப்படிப் பாடம் படிக்கிறது என்று தேடப்போய், இன்னொரு சுவாரஸ்யமான சங்கதி கிடைத்தது. பிளெமிங்கின் தட்டில் பூஞ்சைக்காளான் வந்து விழுந்தது 1928-ல், லண்டனில். அதே லண்டனில் அதே 1928-ல் பிரெடரிக் கிரிஃபித் என்ற சங்கோஜி ஒருவர், இந்த நிமோகாக்கஸை வைத்துக்கொண்டு செய்த ஒரு சோதனையைப் பிரசுரித்தார். நிமோகாக்கஸில் மேலே வழவழப்பான உறை போர்த்திக்கொண்ட வகை உண்டு. அது எலியைக் கொல்லும். உறை இல்லாத வகையும் உண்டு. அது பரம சாது. கிரிஃபித், உறை போட்ட கிருமிகளைச் சூடுகாட்டிக் கொன்று, அந்தப் பிணங்களையும் உயிருள்ள சாதுக்களையும் ஒன்றாகச் சேர்த்து எலிக்கு ஊசி போட்டார். எலி செத்துப்போயிற்று! அதன் ரத்தத்திலே பார்த்தால், உறை போர்த்திக்கொண்ட கிருமிகள் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தன. செத்தவனிடமிருந்து சட்டை தைக்கிற வித்தையை உயிரோடிருந்தவன் எடுத்துக்கொண்டுவிட்டான். அந்த வித்தை எழுதப்பட்ட சுவடிதான் டி.என்.ஏ. என்று 1944-ல் நியூயார்க்கில் ஆவெரியும் அவருடைய இரண்டு சகாக்களும் காட்டினார்கள். பரம்பரை என்கிற ரகசியமே இந்த நிமோனியாக் கிருமியிடமிருந்துதான் மனிதனுக்கு அகப்பட்டது. கிரிஃபித் அதைப் பார்க்க இருக்கவில்லை. 1941-ல் லண்டனில் விழுந்த குண்டுக்கு அவர் இரையாகிவிட்டார்.

ஒரே ஊர், ஒரே வருஷம். ஒருவர் கிருமியைக் கொல்லும் மருந்தைப் பார்த்தார். மற்றவர் அந்த மருந்திலிருந்து கிருமி எப்படித் தப்பிக்கப் போகிறது என்பதைப் பார்த்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தப்பட்டவை என்று அப்போது யாருக்குத் தெரியும்? நாவலில் இப்படி எழுதினால் உதவி ஆசிரியர் அடித்துவிடுவார்.

நிமோகாக்கஸ் செய்வது இதுதான். நம் வாயிலும் தொண்டையிலும் அதன் தாயாதிகளான சாதுக் கிருமிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. நாம் ஆண்டிபயாடிக் சாப்பிடும் ஒவ்வொரு தடவையும், எந்த நோய்க்காகச் சாப்பிட்டாலும் சரி, எந்த நோயுமில்லாமல் சாப்பிட்டாலும் சரி, அந்தச் சாதுக்களில் மசிகிறவை சாகின்றன. தற்செயலாக மசியாத குணம் உண்டானவை பிழைத்துப் பெருகுகின்றன. நிமோகாக்கஸ் வருகிறபோது, அவற்றின் சுவடியிலிருந்து வேண்டிய ஏட்டைக் கிழித்துத் தன்னுடையதில் ஒட்டிக்கொள்கிறது. பெனிசிலின் வந்து பிடித்துக்கொள்ளும் இடத்தை இப்படித்தான் அது கொஞ்சங் கொஞ்சமாக மாற்றிக்கொண்டது. என் அஸித்ரோமைசினுக்கு வேறு உபாயம்: மருந்து வந்து உட்காரும் ஆசனத்தைத் திருத்தி வைத்துவிடும், இல்லாவிட்டால் உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துக் கொட்டிவிடும். பெல்ஜியத்தில் நோய்நொடி இல்லாதவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்து 2007-ல் பிரசுரித்தார்கள். மூன்றே நாள் சாப்பிட்டவர்களின் வாயில் ஆறு மாதம் கழித்தும் மசியாத கிருமிகள் கூடுதலாக இருந்தன. மூன்று மாத்திரைக்கு ஆறு மாதம்! நான் வருஷத்துக்கு நான்கு தடவை சாப்பிட்டேன். என் வாய் ஒரு நாள்கூடப் பழைய நிலைமைக்குத் திரும்பியிராது.

பிளெமிங்கின் கதையில் ஒரு பிசகும் இருக்கிறது, சொல்லிவிட வேண்டும். தொண்டைப் புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான் பாடம் படித்துவிடும் என்று அவர் பயந்தார். விசித்திரம், சாதாரணமாகத் தொண்டையைப் புண்ணாக்கும் அந்த வகை இன்றைக்கு வரையில் பெனிசிலினுக்கு மசிந்துகொண்டுதான் இருக்கிறது. பாடம் படித்தது அதன் ஒன்றுவிட்ட சகோதரனாகிய நிமோகாக்கஸ். 1967-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு நோயாளியிடம் பெனிசிலினுக்கு இலேசில் மசியாத நிமோகாக்கஸைப் பார்த்தார்கள். யாரோ ஒருவருக்குத்தானே என்று உலகம் கவனிக்கவில்லை. 1977-ல் தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், பெனிசிலினுக்கு முற்றிலும் மசியாத கிருமி குழந்தைகளைக் கொன்றபோதுதான் கவனித்தார்கள். ஐஸ்லாந்து என்ற சின்னஞ்சிறு தீவுக்கு 1988 இறுதியில் அப்படி ஒரு கிருமி வந்து சேர்ந்தது. ஸ்பெயினிலிருந்து வந்ததாகக் கருதுகிறார்கள். குழந்தைக் காப்பகங்களில் மூக்கிலிருந்து மூக்குக்குத் தாவி, ஐந்தே வருஷத்தில் அந்நாட்டு நிமோகாக்கஸில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று அந்த ரகமாகிவிட்டது. ஐஸ்லாந்துக்காரர்கள் குழந்தைகளுக்கு ஆண்டிபயாடிக் கொடுப்பதைக் குறைத்தார்கள். கணக்கு இறங்க ஆரம்பித்தது.

நம் தேசத்தில் என்ன செய்தோம் என்றால், சட்டம் இருக்கிறது, சிவப்புக்கோடு இருக்கிறது. 2012-ல் வைத்தியர் சங்கங்களெல்லாம் சென்னையிலே கூடி, சென்னைப் பிரகடனம் என்று ஒன்றை வெளியிட்டார்கள். அதன் பிறகு வலுவான சில மருந்துகளுக்கு, யாருக்கு விற்றது என்று கடைக்காரர் பதிவேடு வைக்க வேண்டும் என்ற விதி 2014-ல் அமலுக்கு வந்தது. என் மாத்திரைக்குப் பதிவேடு வேண்டியதில்லை. சீட்டு மட்டும் வேண்டும். அந்தச் சீட்டை எந்தக் கடையிலும் என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கடையை மாற்றியிருப்பேன். கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்? கோவிட் காலத்தில் பெரிய டாக்டர்களே அள்ளி வழங்கினார்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த கோவிட் நோயாளிகளில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குத்தான் பாக்டீரியாவும் கூடச் சேர்ந்திருந்தது. ஆண்டிபயாடிக் கொடுக்கப்பட்டதோ நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2024-ல் கணக்குச் சொல்லிற்று.

"ஆரம்பித்தால் முடிக்க வேண்டும், பாதியில் நிறுத்தாதே" என்பதுதான் இதில் முழு உபதேசமும் என்று நான் எண்ணியிருந்தேன். மூன்றாவது மாத்திரையைப் பிஸ்கட் டப்பாவில் போட்டதுதான் என் குற்றம் என்று அந்தப் பெண் டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் தலையை அசைத்தார். எத்தனை நாள் கொடுக்க வேண்டும் என்பதே இப்போது வைத்தியர்களுக்குள் விவாதமாக இருக்கிறதாம். முன்பு பத்து நாள் கொடுத்த இடத்தில் இப்போது ஐந்து நாள் போதும் என்கிறார்களாம். டாக்டர் சொன்ன கணக்கில் நாமாகக் கைவைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

"நீங்க மூணாவதைச் சாப்பிடாதது பெரிய தப்பு இல்லே சார். முதலாவதைச் சாப்பிட்டதுதான் தப்பு."

உலகத்தில் 2019-ல் மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் நேரடியாகச் செத்தவர்கள் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் நான்கு லட்சம் பேருக்கு மேல் மார்பு நோயில் போனவர்கள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே வளர்ந்து, ஏறக்குறைய எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகள் வேறு இருக்கின்றன. அது தனிப் புராணம். அம்மாவுக்கு வந்தது அந்த ரகமில்லை. அவளுடைய காகிதத்தில் இரண்டு எஸ் இருந்தன. எல்லாவற்றிலும் கிழமான பெனிசிலினே இன்னும் உபயோகமாயிருந்தது. கிருமியைப் பார்த்து நன்றி சொல்லத் தோன்றியது எனக்கு.

நான்காம் நாள் காலை அம்மா கண்ணை விழித்து, என்னை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். காப்பி கேட்டாள். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தோம். கணக்குப் பார்த்து எழுதவில்லை, அப்படித்தான் நேர்ந்தது.

புறப்படுவதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அந்தக் கிருமி எங்கேயிருந்து வந்திருக்கும்?"

"யாரால சொல்ல முடியும் சார்? எங்கேயிருந்தும் வரலாம். கோவில்லே பக்கத்திலே நின்னவங்க இருமியிருப்பாங்க." சற்று நிறுத்தி, "வீட்டிலே சின்னக் குழந்தை இருக்கா?" என்றார்.

இருக்கிறது என்றேன். நிமோகாக்கஸுக்குப் பிறந்தகம் குழந்தைகளின் மூக்குதான் என்று அவர் சொன்னார். குழந்தைக்கு ஒன்றும் செய்யாமல் வாரக்கணக்கில் அங்கே குடியிருக்குமாம். அமெரிக்காவில் 2000-ம் ஆண்டு குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். சில வருஷங்களில், தடுப்பூசி போட்டுக்கொள்ளாத பாட்டி தாத்தாக்களிடமும் மருந்துக்கு மசியாத நோய் குறைந்துவிட்டது. பேரன் மூக்கில் இல்லாதது பாட்டிக்கு எப்படி வரும்? நம் நாட்டில் 2021 முதல் எல்லா மாநிலங்களிலும் கைக்குழந்தைகளுக்கு அந்த ஊசியை இலவசமாகப் போடுகிறார்கள். என் பையன் அதற்கு மூன்று வருஷம் முன்னால் பிறந்துவிட்டான். காசு கொடுத்துப் போட்டிருக்கலாம். விலை அதிகம் என்று ஒத்திப்போட்டோம், பிறகு மறந்துவிட்டோம்.

அன்றிரவு எனக்குள்ளே ஒரு கோர்ட்டு நடந்தது. என் வாயில் ஆறாறு மாதமாக வளர்த்த சாதுக்கள், பையனுக்கு ஊட்டிய இனிப்பு மருந்து, அவன் மூக்கு, பாட்டியின் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் தூங்குவது. ஒவ்வொரு கண்ணியும் பொருந்துகிறது. ஒவ்வொன்றுக்கும் சாட்சி கிடையாது. சந்தேகத்தின் பலனைக் குற்றவாளிக்குக் கொடுக்கலாம். ஆனால் அந்த மூன்று நாள்? அதற்கு எக்ஸ்ரே படம் சாட்சி இருக்கிறது. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அவள் தன்னளவில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். "இந்த வயசுக்குப் பச்சைத் தண்ணி ஆகாதுன்னு தெரிஞ்சும் குளிச்சேன் பாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்திலே உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். மாடிப்படி ஏறினால் இன்னமும் மூச்சு வாங்குகிறது அவளுக்கு. முன்பெல்லாம் மொட்டை மாடியில் வடாம் போட்டுக் காய வைத்து, காக்காய்க்குக் காவலாக அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

பங்குனியில் ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். எழுதிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"ஏண்டா, குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கிட்டே இருக்கே, பார்க்கக் கூடாதா? கடைக்குப் போய் அந்த இனிப்பு மருந்தை வாங்கிட்டு வாயேன்."

"கடை சாத்தியிருக்கும்மா."

"பட்டப்பகல்லேயா?"

"கடைக்காரர் வீட்டிலே கல்யாணம். அவர் பொண்ணுக்கு."

"அந்தப் பொண்ணுக்குத்தான் போன வைகாசியிலேயே ஆயிடுச்சே! நீதானே போய் மொய் எழுதிட்டு வந்தே?"

இருபது வருஷமாகப் பொய் சொல்வதையே ஜீவனமாகக் கொண்டவன், ஒரு சின்னப் பொய்யை நிற்க வைக்க முடியாமல் அகப்பட்டுக்கொண்டேன். பையன் பாட்டி மடியிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு அம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"என்னடா இது?" என்றாள்.

மூடியைத் திறந்து, அந்தச் சிவப்புக்கோடு போட்ட அட்டையை அவள் கையில் கொடுத்தேன். அதில் இன்னும் ஒரு மாத்திரை பாக்கி இருந்தது. அங்கிருந்து ஆரம்பித்தேன்.